முப்பத்தோராம் நாள் தண்ணீர்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் சடங்குக்காகத் திருகோணமலை வெந்நீர்க் கிணற்றடிக்குப் போயிருந்தோம். தம்பி நிரோஜன் வெள்ளை வேட்டியோடு நின்று முதல் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினான்.

“என்னக்கா, சூடே இல்லை?”

எட்டுக் கிலோமீட்டர் தள்ளி நான் வேலை செய்யும் மின்நிலையம் இருக்கிறது. ஆழத்திலிருந்து கொதிநீரை எடுத்து, மாவட்டம் முழுவதற்கும் மின்சாரம் செய்து, ஆறிய நீரைத் திரும்பவும் பாறைக்குள் செலுத்துகிறோம். அந்த நீர் இந்தக் கிணறுகளுக்கு வராது என்று கையெழுத்திட்ட நிலவியலாளர் நான்தான். பன்னிரண்டு நாளுக்கு முன்பு, விதிமுறைக்காக, நீர் எங்கே போகிறதென்று அறிய, அந்த ஆறிய நீரில் பச்சைச் சாயமும் கலந்தேன். அவ்வளவு நம்பிக்கை, கிணற்றடியில் பார்க்க ஓர் ஆளைக்கூடப் போடவில்லை.

“பாசிபோல கிடக்கு. நீங்கள் ஊத்துங்கோ தம்பி,” என்றார் ஐயர்.

நிரோஜனின் வேட்டி இளம்பச்சையாகிக்கொண்டிருந்தது.

நிலையத்துக்கு அழைத்தேன். “பம்புகளை நிப்பாட்டுங்கோ.”

மறுமுனையில் இருந்தவர் கேட்டார்: “மாவட்டமே இருட்டாப் போயிடும், மிஸ். என்ன காரணமெண்டு எழுதுறது?”

“என்ர தம்பியின்ர வேட்டி பச்சையாப் போச்சுதெண்டு எழுதுங்கோ.”