மூச்சில் ஊறிய விதை

லாரியிலிருந்து தவறிப் பாலைவனத்தில் விழுந்த பட்டணத்து எலிக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தன்னை வளைக்குள் சேர்த்துக்கொண்ட பாலை எலியிடம், "ஒரு வாய் தண்ணி கொடேன்" என்று கெஞ்சியது.

"தண்ணியா? பிறந்ததிலிருந்து நான் குடிச்சதே இல்லை. இந்தா, விதை சாப்பிடு" என்று சொல்லி, பாலை எலி வளையின் வாயை மணலால் அடைத்தது.

"ஐயோ, புழுங்கியே செத்துடுவேன்!" பட்டணத்து எலி பாய்ந்து மணலைத் தள்ளியது. அனல் உள்ளே அடித்தது.

"அடைச்சிடும்மா, புண்ணியமாப் போகும்! நாம விடுற மூச்சோட ஈரம்தான் விதையில ஊறுது; திறந்து வெச்சா அது வெளியே போயிடும்."

பட்டணத்து எலி நம்பாமல்தான் கடித்தது. விதை பதமாக இருந்தது. நாக்கு மெல்ல நனைந்தது.

அது எழுந்துபோய் வளையை இறுக அடைத்தது. பிறகு விதைக் குவியலில் முகத்தை வைத்து நீளமாக மூச்சுவிட்டது.

"இது நாளைக்கு உனக்கு" என்றது.