கந்தகக் கட்டணம்

“பாய், கஸ்டம்ஸ் ஆபீசர் ஒருத்தரு எஸ்டேட்டு பூரா ஒங்களப் பத்தி விசாரிச்சிட்டுப் போறாருலா!”

சுல்தான் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்குள்ளேயே மணியம் கத்தினார். மலேசியாவின் தம்பின் ஊரைச் சுற்றியுள்ள எஸ்டேட் கடைகளுக்கெல்லாம் தமிழ்நாட்டிலிருந்து எவர்சில்வர் பாத்திரம் வரவழைத்துப் போடுகிறவர் சுல்தான். அந்தக் கடைகளில் ஒன்று மணியத்துடையது.

சுல்தான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. “என்ன கேட்டாரு?”

“கடன் கிடன் இருக்கா, வீடு சொந்தமா, ஆளு எப்படி... ஒங்க மக ஷஹீதா பேங்க்ல என்ன வேலைன்னுகூட கேட்டாரு.”

வீடு எதற்கு? ஏலம் போடவா? மகளை ஏன் இழுக்கிறான்? அவள் பேரில் பணத்தைப் பதுக்கியிருக்கிறேனா என்று பார்க்கிறானா?

காரணம் சுல்தானுக்குத் தெரியும். கப்பல்கள் இப்போதெல்லாம் கந்தகம் குறைந்த எண்ணெயில்தான் ஓட வேண்டுமாம். அதன் விலை கூட என்று கப்பல் கம்பெனி தனியாக ஒரு கட்டணம் வாங்குகிறது. அதையும் சரக்கு மதிப்போடு சேர்த்துக் காட்டி வரி கட்ட வேண்டும். “கப்பல்காரன் எண்ணெ ஊத்துனா நான் ஏன்யா வரி கட்டணும்?” என்று கஸ்டம்ஸ் வேலை பார்த்துக் கொடுக்கும் ஏஜென்டிடம் வீறாப்புப் பேசி, அதைக் காட்டாமலே விட்டிருந்தார் மனுஷர்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“அப்பவே கட்டித் தொலைச்சிருக்கலாம்ல?” என்றாள் மனைவி ஜாஹிதா. “லைசன்ஸ் போச்சுன்னா என்னங்க செய்வோம்?”

“சும்மா இருலா. எனக்கே நெஞ்சு படபடங்குது.”

மறுநாள் விடிந்ததும் ஏஜென்டைப் பிடித்தார். விட்டதையெல்லாம் தாமே கஸ்டம்ஸுக்குத் தெரிவித்து, அபராதத்தோடு கட்டி, ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்போதும் பயம் விடவில்லை. கடை வாசலில் ஒரு கார் நின்றால் போதும், பின்கட்டுக்கு ஓடினார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வீட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம்.

“அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஜபருல்லா, கஸ்டம்ஸ்ல வேல.”

யூனிபாரம் இல்லை. யூனிபாரம் போடாமல் வருகிறவன்தான் பொல்லாதவன் என்று சுல்தான் கேள்விப்பட்டிருந்தார். பதில் சலாம் பாதிதான் வந்தது.

ஜபருல்லா உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். “வந்த விஷயம் என்னன்னா பாய்...”

சுல்தானால் தாங்க முடியவில்லை. “கட்டிட்டேன் சார்! அந்தக் கந்தக எண்ணெக் கட்டணம், காட்டாம விட்டதெல்லாம் நானே சொல்லிக் கட்டிட்டேன். இந்தாங்க ரிசிட். எம்புள்ளைய மட்டும் விட்ருங்க சார்!”

ஜபருல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரசீதை வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். முகம் மாறியது. கைவிலங்கு மாட்டப் போகிறார் என்றே சுல்தான் முடிவுகட்டிவிட்டார்.

“நோட்டீஸ் ஏதும் வந்துச்சா?”

“இல்ல சார்.”

“யாரும் கேக்காம தானாப் போய்க் கட்டுன மனுஷன என் சர்வீஸ்லயே பாத்ததில்ல பாய்!” என்றபடி எழுந்து வாசலுக்குப் போன ஜபருல்லா, காரில் இருந்த தன் மனைவியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

“எறங்கி வாம்மா! இனி விசாரிக்க ஒண்ணுமில்ல, நம்ம பையன் அஃபீஃபுக்கு இந்த வீட்டுப் பொண்ணுதான்!”