வயதுக்கு ஏற்ற செல்கள்

"செல்லம்!" என்று மருத்துவ ஆய்வாளர் டாக்டர் திருநாவுக்கரசு மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகுதான் அவள் எழுந்தாள். அதுவும் பக்கத்தில் இருந்த தோழி தாயம்மா விலாவில் இடித்ததால். 'காது மந்தம்' என்று அவர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

பிளாஸ்டிக் தாளில் நாலு மடிப்பாகச் சுற்றிய ஐசி அடையாள அட்டையை அவள் நீட்டினாள். படத்தில் இருபது வயதுப் பெண். அதே மூக்கு, அதே நெற்றி. கணக்குப் போட்டால் இப்போது வயது ஐம்பத்து மூன்று.

"என்னம்மா, நகை மாதிரி பொத்தி வச்சிருக்கீங்க?"

"பின்ன? எழுபதாம் வருசத்துல ஐசி இல்லாதவங்கள எல்லாம் வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க லா, டாக்டர். எத்தன பேரு கப்பல் ஏறி ஊருக்கே திரும்பிப் போனாங்க!" என்றாள் தாயம்மா. செல்லம் ஐசியை வாங்கித் திரும்பச் சுற்றினாள்.

சுவா என்ற ஊரை ஒட்டிய அந்தத் தோட்டத்தில், களையைக் கொல்லும் புல் மருந்தை இருபது வருடமாக விடாமல் அடிப்பவள் செல்லம் ஒருத்திதான். மற்ற பெண்கள் இருமி இருமிப் பாதியில் நின்றுவிட்டார்கள். மருந்து உடம்பைக் கெடுக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் மருந்தடிப்பதையே நிறுத்திவிடுவதாக மானேஜர் ஒப்புக்கொண்டிருந்தார்.

எலும்பு மஜ்ஜை எடுக்கச் செல்லத்தின் இடுப்பெலும்பில் ஊசியை இறக்கும்போது, பயம் தெரியாமல் இருக்கட்டும் என்று அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"எலும்புக்குள்ள தாய் செல் இருக்கும்மா. புது ரத்தத்த அதுதான் பெத்துப் போடுது. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டி குட்டியா அடுப்பு எரியுது. மைட்டோகாண்டிரியான்னு பேரு. வயசாக ஆக அந்த அடுப்புல விரிசல் விழும்."

"மருந்து பட்டா?"

"வயச மீறி விழும். விரிசல எண்ணிட்டா மருந்தோட வேலை தெரிஞ்சிடும்."

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இரண்டு பெண்களும் மருந்து வாடையோடு வந்து நின்றார்கள்.

"நல்ல செய்திம்மா! மூணு தடவை எண்ணிப் பார்த்தேன். அசல் அம்பத்து மூணு வயசு செல்லு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. மருந்து உங்கள ஒண்ணும் பண்ணல. மானேஜருக்கு அப்படித்தான் எழுதப் போறேன்."

சிரிப்பார்கள் என்று நினைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

"சொல்லிடு, பஞ்சாலை" என்று தாயம்மா செல்லத்தின் தோளைத் தொட்டாள். "இல்லன்னா நாளைக்கு நம்ம புள்ளைங்களும் அந்த மருந்து டின்ன முதுகுல தூக்கும்."

"யாரு பஞ்சாலை?" என்றார் திருநாவுக்கரசு.

செல்லம் போய்க் கதவைச் சாத்தினாள். நகம் கழன்ற விரல்களால் ஐசியை எடுத்து அவர் மேசைமேல் வைத்தாள்.

"போலிஸ் புடிச்சா புடிக்கட்டும். இது செத்துப்போன எங்க அக்கா ஐசி, டாக்டர். எனக்கு முப்பத்தொம்பதுதான்."