அரை மணி நேரக் கள்ள அளவு

"இது பச்சைக் கள்ள அளவும்மா! புகாரை வாங்கி முத்திரை குத்துங்க. அப்புறந்தான் நான் விமானம் ஏறுவேன்."

எடை அளவு ஆய்வாளர் காகிதத்தைக் கவுண்டரின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். முப்பது ஆண்டுகளாகக் கடை கடையாக ஏறி இறங்கி, வியாபாரிகளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர். தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய மெழுகுகூட அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை.

விமான நிறுவனத்துப் பெண் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள். "என்ன தப்பு சார்?"

"இந்த ஊருக்கும் எங்க ஊருக்கும் நடுவுல வான்வழி முந்நூறு கிலோமீட்டர். அஞ்சு மணிக்குக் கிளம்பினா ஆறுக்கு இறங்கிடுது. மூணு தடவை கடிகாரம் வச்சுப் பார்த்துட்டேன். நீங்க டிக்கெட்டுல ஆறரைன்னு அச்சடிச்சிருக்கீங்க. ‘சீக்கிரமே வந்துட்டோம்’னு மைக்குல பெருமை வேற!"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் போடுவாங்க சார். எதிர்க்காத்து அடிக்கும், இறங்க இடமில்லாம வட்டமடிக்கணும். சீக்கிரம் வந்தா யாருக்கும் நஷ்டமில்லை. தாமதமானா வாசல்ல காத்திருக்கறவங்க பதறிப் போயிடுவாங்க."

"அவங்க பதறக்கூடாதுன்னு நீங்க பொய் சொல்லுவீங்களா? கூடினாலும் குறைஞ்சாலும் கள்ள அளவு கள்ள அளவுதான்!"

"இது மேலிடத்துக்குப் போனா முதல்ல என்னைத்தான் குடைவாங்க சார். வேலைக்கு வந்தே ஆறு மாசந்தான் ஆகுது."

"உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனா எழுதினது எழுதினதுதான்."

பெருமூச்சுடன் அவள் முத்திரையைக் கையில் எடுத்தாள்.

அவருடைய கைப்பேசி ஒலித்தது. மறுமுனையில் மனைவியின் குரல் கவுண்டருக்கு அப்பாலும் கணீரென்று கேட்டது.

"என்னங்க, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?"

ஆய்வாளரின் குரல் பாதியாக இறங்கியது. "எட்டு ஆயிடும்."

"எட்டுதானே? அப்போ அதுவரைக்கும் நிம்மதியா உட்கார்ந்திருப்பேன்."

முத்திரை அந்தரத்திலேயே நின்றது.

"ஆறுக்கே இறங்கிடும்னு இப்பதானே சொன்னீங்க? வீடு ரொம்பத் தூரமோ சார்?"

"கால் மணி நேர ஓட்டம்."

அவள் முத்திரையைக் கீழே வைத்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒரு தடவை பஸ் டயர் வெடிச்சு அரை மணி தாமதமாயிடுச்சு. என்னைத் தேடிக்கிட்டு இவ நடுரோட்டுக்கு வந்துட்டா. லாரி இடிச்சு ஒரு கால் போயிடுச்சும்மா. அதுலேருந்து..."



அவள் மெல்லக் கேட்டாள். "முத்திரை குத்தவா சார், வேண்டாமா?"

ஆய்வாளர் காகிதத்தைத் தம் பக்கம் இழுத்தார். பேனாவைத் திறந்து ஒரு வரியை அடித்தார். வேறொரு வரியை எழுதினார். மறுபடியும் உள்ளங்கையால் அழுத்தி வைத்தார். குரலில் பழைய உறுதி ஒரு குன்றிமணியும் குறையாமல் திரும்பியிருந்தது.

"தாராளமா குத்துங்க. ஆறரை பத்தாது, ஏழுன்னு அச்சடிக்கணும்னு மாத்தி எழுதியிருக்கேன்."