பாலிம்போங்கின் பன்றி

பக்கத்து வீட்டுப் பாலிம்போங்கின் பன்றியைப் பார்த்தாலே எனக்குச் சோறு இறங்காது. நாளெல்லாம் கல் சுமந்து சம்பாதித்த சோறு அது. போதகரிடம் போய்ச் சொன்னேன்.

"பொறாமையா? அப்ப தினமும் அந்தப் பன்னிக்காக ஜெபம் பண்ணுய்யா."

"பன்னிக்கா?"

"ஆமா. நல்லாக் கொழுக்கட்டும்னு மனசாரக் கேளு."

முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். போகப்போகப் பழகிவிட்டது. அது இருமினால் எனக்குப் பதறியது. என் தோட்டத்துச் சர்க்கரைவள்ளிக் கொடியைக்கூட அதற்குத் தின்ன அறுத்துப் போட்டேன். பன்றி எருமைக்கன்று போலப் பருத்தது. பொறாமை போன இடம் தெரியவில்லை. 'இருக்கிறது போதும் ஆண்டவரே' என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

என் அப்பாவின் அடக்கத்துக்கு அந்தப் பன்றியையே மூங்கிலில் கட்டி, ஆட்கள் திணறத் திணறத் தூக்கிவரச் செய்தான் பாலிம்போங்.

"உனக்குத்தாண்ணே! நீ ஜெபம் பண்ணி வளர்த்ததாச்சே!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவி தமாரிஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அழுவுறீங்களா? நல்லா அழுங்க! இது மொய்ப் பன்னி. அவர் வீட்டுச் சாவுக்கு இதே பருமன்ல நாம திருப்பி வைக்கணும். நம்மகிட்ட இருக்கிறது பூனை மாதிரி ஒரு குட்டி. அவரு மாமியாருக்கோ இப்பவே மூச்சு இழுக்குது!"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று போதகர் கேட்டார். நான் எழுவதற்குள் பாலிம்போங் எழுந்துவிட்டான்.

"அண்ணனோட பன்னிக்குட்டி கொழுக்கணும் ஐயா. அதுவரைக்கும் என் மாமியார் தாங்கணும்."