மூன்றாவது அம்பு

வரைபடக்காரியும் அவள் நாத்தனாரும் ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து, ஒரே கணினித் திரையைப் பகிர்ந்து வீட்டு வரைபடம் போடுவார்கள். திரையில் ஆளுக்கொரு மவுஸ் அம்பு. அன்று மூலையில் ‘இணைந்திருப்பவர்கள்: 3’ என்றிருந்தது. வீடு கட்டுகிறவர் தனக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கென்று கேட்டிருந்த சின்ன அறைக்குள் மூன்றாவது அம்பு ஒன்று அசையாமல் நின்றது.

“யாருடி அது?”

“யாரா இருந்தா என்ன அண்ணி? நம்ம வேலையில மூக்கை நுழைக்காம இருந்தா சரி.”

மதியம் வீடு கட்டுகிறவர் போன் செய்தார். “அந்தச் சின்ன ரூம் இனி வேணாம்மா. ஹாலோட சேர்த்துடுங்க.” குரல் கம்மியிருந்தது.

வரைபடக்காரி அறையின் சுவரை அழித்தாள். மூன்றாவது அம்பு நகர்ந்தது. எந்தச் சுவரையும் தாண்டாமல், நல்ல பிள்ளையாகக் கதவு கதவாக நடந்து, வாசலுக்கு வெளியே போய் நின்றது.

எண்ணிக்கை மூன்றாகவே இருந்தது.