பிக்கலோவுக்கு ஒரு பெட்டி

பேண்டு சாமான் பழுது பார்க்கும் சோலைச்சாமி பிக்கலோவை ஊதியதும் பொன்மணி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

சத்தம் அவ்வளவு சுத்தமாக வந்தது. பஜாரில் போய்க்கொண்டிருந்த ஒருவர் கடை வாசலில் நின்று, யார் ஊதுவது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்படி வந்திருக்கக் கூடாது.

அவள் புருஷன் சங்கிலிமுத்து பேண்டு செட்டில் ஊதுகிற பிக்கலோ, அந்தச் சின்னப் புல்லாங்குழல், இரண்டாகக் கழலும். விரல் வைக்கிற பாகம் ஒன்று, வாய் வைத்து ஊதுகிற பாகம் ஒன்று. ஊதுகிற பாகத்தை பேண்டுக்காரர்கள் ஹெட் என்பார்கள். ஹெட் கெட்டுப்போய்விட்டது, வேறு மாற்றி வா என்றுதான் அவளை விருதுநகருக்கு அனுப்பியிருந்தான்.

அவளும் நம்பித்தான் பஸ் ஏறினாள். நம்பாமல் என்ன செய்ய? தை மாதம் சிவகாசியில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் ஊதிக்கொண்டே போனவன் நடுரோட்டில் சரிந்து விழுந்தான். பிக்கலோ அவனுக்கு அடியில் மாட்டி, ஹெட்டில் ஒரு நசுங்கல். அவனுக்கு வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

பக்கவாதம் என்றார்கள். பெரியாஸ்பத்திரிக்கு நடையாய் நடந்ததில் கால் சரியானது, கை சரியானது. பேச்சும் வந்துவிட்டது. முன்னைவிட இப்போதுதான் இந்த மனுசன் வாய் மூடுவதில்லை என்று பொன்மணி கேலி பேசுகிற அளவுக்கு வந்துவிட்டது. பிக்கலோவை எடுத்தால் மட்டும் வெறும் காற்றுதான் வந்தது.

“ஹெட்டு நசுங்கிருச்சுல்ல, பெறகு எப்படி வரும்” என்று அவனே சொன்னான்.

அன்றைக்குத்தான் பொன்மணி நிம்மதியாகத் தூங்கினாள். கெட்டது சாமான்தானே, சாமானை மாற்றிவிடலாம். மாற்றுங்க மாற்றுங்க என்று தினமும் நச்சரித்தாள். பேண்டு செட் மேனேஜருக்குப் போன் போட்டு, ஆவணி முகூர்த்தத்துக்கு அவுக வந்திருவாக, வேற ஆள் பாக்காதீக என்றும் சொல்லிவிட்டாள்.

நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தவன் இந்த வாரம்தான் சம்மதித்தான். கூடவே ஒரு பெட்டியும் வாங்கி வரச் சொன்னான்.

அதில் அவளுக்கு மனசு நிறைந்துபோனது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அதைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போவதைத்தான் பார்த்திருக்கிறாள். இப்போது பெட்டி கேட்கிறான் என்றால், மறுபடி ஊர் ஊராகப் போகிற ஆசை வந்துவிட்டது என்றுதானே அர்த்தம். தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில் தன்னோடு உட்கார்ந்து சரம் பின்னுகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டாள்.

சோலைச்சாமி ஹெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நசுங்கல் இருந்தது. சும்மா ஒரு ஓரத்தில் இருந்தது.

“இதுல ஒரு கொறையும் இல்ல தங்கச்சி.”

குறை வேறு எங்கே என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. டீ குடிக்கும்போதெல்லாம் அவன் கடைவாயைத் துடைத்துக்கொள்வதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இது தெரிந்தால் அவன் ஒடிந்துபோவான். அந்தப் பயம்தான் அவளுக்கு முதலில் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது, அதையும் அடக்கிக்கொண்டாள்.

“அண்ணே, ஒரு ஒத்தாச பண்ணுங்க. வேற ஹெட்டு மாட்டிக் குடுங்க. பழசு போச்சு, புதுசு பழக நாளாகும்னு அவுககிட்ட நீங்களே போன்ல சொல்லிருங்க. அதுக்குள்ள வாய் சரியாயிரும்.”

சோலைச்சாமி மேசைக்கு அடியில் குனிந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. அவள் இன்னும் பெட்டி கேட்கவே இல்லை.

“நேத்தே மாப்ள போன் பண்ணிட்டாரு,” என்றார். “ஹெட்டு நல்லாருக்குன்னு அவருக்கு ஆரம்பத்துலயே தெரியும். ஒரு பேச்சுக்குச் சொன்னத நீ நெசம்னு புடிச்சுக்கிட்டியாம். மேனேஜர் வரைக்கும் போன் போட்டுட்டா, இனி அவ மூஞ்சியப் பாத்து நான் எப்படிச் சொல்லன்னாரு. நீங்க ஊதிக் காட்டுங்க, அவ காதால கேக்கட்டும்னாரு.”

பொன்மணி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அப்ப பெட்டி எதுக்குண்ணே?”

“எடுத்து வைக்கத்தான். துண்டுல சுத்திப் பரண்ல போட்டா களிம்பேறிரும்னாரு.”

இரண்டு பாகத்தையும் அவரே துடைத்து, பள்ளத்தில் வைத்து அமுக்கினார். அளவு எடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தன. பெட்டியை மூடிக் கொடுத்தார்.

அவள் படி இறங்குவதற்குள் போன் வந்தது. சங்கிலிமுத்துதான்.

“பெட்டி கெடச்சுதா?”

“கெடச்சுது.”

அவன் பக்கத்தில் ஏதோ லோடு வண்டி ஹாரன் அடித்தது.

“ஊதிக் காட்டுனாரா?”

“காட்டுனாரு.”

“நல்லாருந்துச்சா?”

பொன்மணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க ஊதுன மாதிரி இல்ல,” என்றாள்.